வெள்ளிக்கு ரப்பர் பேண்ட் ஆகாது

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, காற்று இல்லை, மழைக்கான அறிகுறியும் இல்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி அந்த நேரத்துக்கே முப்பத்திரண்டு காட்டியது. என் மனைவி ஐந்தரை மணி பஸ்ஸில் படவேட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். அந்தத் தடத்தில் பஸ் குறைவு என்பதால் பொழுது சாயாமல் திரும்ப மாட்டாள். வீட்டில் நான் ஒருவன்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் நெசவாளி. அறுபது வயதைத் தாண்டியவர். என்னை முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். அதில் பாதி வருஷம் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் முப்பத்தியொரு வருஷம் சேலைகளுக்குத் தரம் பார்த்தவன் நான். அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணுவேன். குறைந்தால் கூலியில் பிடிப்பேன். இப்படிப்பட்டவனைத் திட்டாமல் என்ன செய்வார்கள்? ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகியும் எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"சார், ஒரு நிமிசம். புது எடத்துல ஜரிகை எடுத்தேன். மனசுக்கு ஒரு மாதிரியா கீது. கண்ணாடி வெச்சிப் பாத்து சொல்லுங்க" என்றார்.

மேஜைமேல் வெண்ணெய்த்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். ஆறு ரீல் இருந்தது. ஒன்றிலிருந்து விரல் நீளம் இழுத்து, நகத்தால் சுரண்டி, லென்ஸுக்கு அடியில் வைத்தேன். உள்ளே செம்பு என்றால் சுரண்டின இடம் சிவக்கும். இது வெளுப்பாக இருந்தது.

"வெள்ளிதான்யா."

"காந்தம் வெச்சிப் பாத்தேன் சார், ஒட்டல. அதான் பாதி தைரியம்."

"செம்புந்தான் காந்தத்துல ஒட்டாது. அது ஒரு சோதனையா?"

"அப்ப வெள்ளிக்கும் காந்தத்துக்கும் ஒறவே இல்லன்னுங்க."

இருக்கிறது என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் மருமகள் சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள், அவள் செய்த வெள்ளி காந்தத்துக்குப் பதில் சொல்லும், ஆனால் நம் கையில் இருக்கும் காந்தத்துக்கு அல்ல, வெளிச்சத்துக்குள் இருக்கிற காந்தத்துக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வயதானவர்கள்மேல் மற்றவர்கள் படும் இரக்கம் தெரிந்தது.

"வெளிச்சத்துல காந்தமா? செரி சார். படிச்சவங்க சொன்னா இருக்கும்."

ஆறு ரீலையும் மறுபடி தாளில் வைத்துச் சுருட்டினேன். தாள் நிற்காமல் விரிந்தது. என் இடது கைப்பக்கம், எப்போதும் போல, ரப்பர் பேண்ட் ஜாடி இருந்தது. பால் கவர், பூப் பொட்டலம், மருந்துக்கடைப் பை என்று எதில் வந்தாலும் எடுத்துப் போட்டு வைப்பேன். அந்த மாதக் கணக்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றை எடுத்துப் பொட்டலத்தின்மேல் மாட்டப் போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துவிட்டுச் சிரித்தார்.

"சார்! நீங்களா? ஜரிகைக்கு ரப்பர் பேண்டா? அன்னிக்கி இதே ரப்பர் பேண்டுக்குத்தானே என் கூலியில நூத்தி எம்பது ரூபா வெட்டினீங்க? சேலை மேல கருப்பா கோடு விழுந்துச்சின்னு நாலு பேரு எதுர்ல நிக்க வெச்சிக் கேட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மடித்த சேலையின் நடுவில் அவர் வீட்டில் யாரோ ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். நாலைந்து நாளில் ஜரிகைக் கரையில், அந்த ரப்பர் இருந்த அதே அகலத்துக்கு, கரிக்கோடு விழுந்திருந்தது. ரப்பரை உறுதியாக்க அதில் கந்தகம் சேர்க்கிறார்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அதற்குப் பிறகு, 'ஜரிகைக் கட்டுக்கு ரப்பர் வளையம் போடக் கூடாது' என்று என் கையாலேயே எழுதிச் சங்கத்துச் சுவரில் ஒட்டினேன். நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்தத் தாள் அங்கேதான் இருந்தது.

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ரப்பர் பேண்டை ஜாடியில் போட்டுவிட்டு பீரோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப்போச்சி? நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"ஒண்ணுமில்ல. நீ கெளம்பு. நூல் போட்டுக் கட்டிக்க."

அவர் போனதும் கதவைத் தாழிட்டு பீரோவைத் திறந்தேன். அப்போது ஏழு ஐம்பது.

மருமகள் அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்திருந்தாள். வந்தவாசிக்காரி. என் மகன் துபாயில் இருக்கிறான்; அவள் சென்னையில் விடுதியில் தங்கி ஆறாவது வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அவள் அம்மாவுக்கு வந்தவாசியில் கண் அறுவை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்தில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரத்துக்காக நாலு மாதம் காத்திருந்தாள். நடுவில் எங்கள் வீடு.

கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நகம் அளவுக்குக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. சும்மா பார்த்தால் தூசி என்றுதான் நினைப்போம்.

"இதுல என்னம்மா இருக்கு?" என்றேன்.

"வெள்ளிப் பட்டைங்க மாமா. ஒரு பட்டை, அது மேல மெல்லிசா காந்தமும் இல்லாத உலோகமும் இல்லாத ஒரு அடுக்கு, அது மேல இன்னொரு வெள்ளிப் பட்டை. ஜோடி ஜோடியா வரிசையா நிக்குது. வெளிச்சம் படும்போது மேல் பட்டையில மின்சாரம் இப்படிப் போவும், கீழ் பட்டையில திரும்பி வரும்." விரலால் காற்றில் ஒரு வளையம் போட்டாள். "மின்சாரம் சுத்தி ஓடினா காந்தம்தானே?"

நான் எழுபத்துநாலில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவன். வெளிச்சத்துக்குள் மின்புலமும் உண்டு, காந்தப்புலமும் உண்டு. ஆனால் அந்தக் காந்தப்புலம் விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து கோடி கோடி முறை திசை மாறுகிறது, எந்தப் பொருளாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துக் காந்தமாக முடியாது, ஆகவே வெளிச்சத்தின் காந்தப் பாதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்விலும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன். அதை அவளிடம் சொன்னேன்.

"பூமியில கெடைக்கிற பொருளுக்கு அது சரிதான் மாமா. இது கெடைச்சது இல்ல, கட்டினது."

"அங்குலத்துக்கு எத்தனை பட்டை?"

அவள் சிரித்துவிட்டாள். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையாம். போனில் கணக்குப் போட்டுச் சொன்னாள்: எண்பத்துநாலாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு. இந்த ஊரில் நான் பார்த்த நெருக்கமான நெசவிலும் அங்குலத்துக்கு நூற்றிருபது இழையைத் தாண்டியதில்லை. எண்ண முடியாத நெசவு ஒன்று என் மேஜைமேல் இருந்தது. எனக்கு அது பிடிக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

கறுப்புக் கண்ணாடியில் இருக்குமே, அதுபோல வெளிச்சத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு வடிகட்டித் தாளைத் துண்டாக வெட்டி என்னிடம் கொடுத்தாள். அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்து, போன் விளக்கில் புள்ளிகளைப் பார்க்கச் சொன்னாள். தாளைக் குறுக்கே பிடித்தால் ஆறும் ஒரே சாம்பல். நெடுக்கே திருப்பினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ரோஜா, அரக்கு. பட்டையின் அகலம் கூடக்கூட நிறம் நகர்கிறது. மயில்கழுத்துச் சேலையை மடித்து நீட்டும்போது நிறம் புரளுமே, அதை ஒரு தூசிக்குள் பார்த்ததுபோல் இருந்தது.

"நெடுக்கே வெச்சா தெரியறதுதான் காந்தத்தோட பதில். ரெண்டு பட்டையும் சேர்ந்து வேலை செஞ்சாத்தான் அது வரும். ஒண்ணு கெட்டா போச்சு" என்றாள்.

பழக்கதோஷம், நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். ஆறு புள்ளி, இரண்டு நிலை, பன்னிரண்டு பதிவு.

அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும், அங்கே பையைத் தரையில் வைப்பார்கள், யாராவது மிதிப்பார்கள், அதனால் ஞாயிறு மதியம் வரை பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றாள். இந்தக் கண்ணாடிதான் கடைசி. முன்னால் செய்தது உடைந்துவிட்டது. பட்டை வரையும் இயந்திரம் பழுதாகி நிற்கிறது. ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு இருக்கும் கெடு ஜூன் கடைசியோடு முடிகிறது.

"மூணே விஷயம் மாமா. திறக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, வெயில்ல வெக்கக் கூடாது. உங்கள மாதிரி ஜாக்கிரதையான ஆள் எனக்குத் தெரிஞ்சி யாரும் இல்ல."

அன்றிரவு எட்டு இருபதுக்கு வந்தவாசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் பெட்டியைக் கையில் எடுத்தேன். மூடியில் அவள் ஒட்டியிருந்த டேப் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. பீரோவிலிருந்து எடுக்கும்போது மூடி திறந்துகொண்டால்? டேப்பை நம்ப முடியாது. எட்டரை மணிக்கு நாலு ரப்பர் பேண்ட் எடுத்தேன். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு. அப்படியே ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, நடுத்தட்டில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு அது வெள்ளியாகத் தோன்றவே இல்லை. கண்ணாடி என்று தோன்றியது, விஞ்ஞானம் என்று தோன்றியது. ஜரிகை என்றிருந்தால் கனவில்கூட என் கை ரப்பரைத் தேடியிருக்காது.

ஞாயிறு காலை அந்த டப்பாவைத் திறந்ததும் சைக்கிள் டியூப் வாசனை அடித்தது. ஐம்பத்தொன்பது மணி இருபது நிமிடம், மூடின டப்பாவுக்குள், மே மாத வெக்கையில். ரப்பர் பேண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு கூடைக்குள் கைவிட்டு எடுத்து எண்ணினேன். நாலும் இருந்தது.

பெட்டியைத் திறக்கவில்லை; மூடி வழியாகவே பார்க்கலாம். போன் விளக்கைச் சுவரில் சாய்த்து வைத்து, லென்ஸை வைத்து, வடிகட்டித் தாளைக் குறுக்கே பிடித்தேன். சாம்பல். ஆறும் சாம்பல். நெடுக்கே திருப்பினேன். லென்ஸ் அசைந்ததில் புள்ளிகள் ஓடின. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அரக்கு இருந்தது. ரோஜா இருந்தது. சிவப்பு இருந்தது. ஆரஞ்சு இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. மஞ்சளும் பச்சையும் இருந்த இடத்தில் கழுவாத ஈயப் பாத்திரத்தின் நிறம். தாளை எப்படித் திருப்பினாலும் அதே நிறம்.

பதினோரு முறை பார்த்தேன். எனக்கு வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. அதனால் இருக்கலாம் என்று இடது கண்ணால் பார்த்தேன். நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வியாழக்கிழமை என் கையெழுத்தில், 'ஒன்று: பச்சை. தெளிவு' என்றிருந்தது.

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டேகால் வரைக்கும் நான் என்ன யோசித்தேன் என்று இங்கே எழுதத்தான் வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. பெட்டியை வெறும் டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டால் பெங்களூரில்தான் தெரியவரும். வெக்கை என்று நினைப்பார்கள். பஸ்ஸில் ஆடியது என்று நினைப்பார்கள். சனிக்கிழமை மின்சாரம் போனதே, மூன்று மணி நேரம், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பொய் தயாராக இருந்தது; சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். டப்பாவின் வாசனை போகட்டும் என்று ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன். அவளுக்கு மூன்று முறை போன் போட்டு, மணி அடிப்பதற்குள் வெட்டினேன்.

இன்னொன்றும் மனசில் ஓடியது. அந்த நெசவாளியின் வீட்டில் ரப்பர் போட்டது யார் என்று அன்று நான் கேட்கவே இல்லை. கோடு இருக்கிறது, கூலி வெட்டு. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஆட்டோ வந்து நின்றது. அவள் கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். "அம்மாவுக்கு நல்லா ஆச்சி மாமா. கட்டு பிரிச்சிட்டாங்க. தண்ணி குடுங்க, ஜல்தி சாப்ட்டு கெளம்பிடறேன். காட்பாடியில அஞ்சு மணிக்கு ரயிலு."

தண்ணீர் கொடுத்தேன். பெட்டியை மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை. பையைத் திறந்து, துணிகளை ஒதுக்கி, பெட்டிக்கு இடம் செய்தாள். கை பெட்டியின்மேல் போனது.

"அதுல ரப்பர் பேண்ட் போட்டுட்டேன்மா" என்றேன்.

"எதுல?"

"இதுலதான். மூடி தெறந்துக்குமோன்னு."

"அதுக்கென்ன மாமா? பரவால்ல."

அவளுக்குத் தெரியவில்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கெடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரப்பருக்குள் கந்தகம் இருப்பது ஞாபகத்தில் இல்லை. தப்பித்துக்கொள்ள இன்னொரு முறை வாசல் திறந்தது எனக்கு. 'சரிம்மா' என்று விட்டிருக்கலாம்.

"ரப்பர்ல கந்தகம் இருக்கும்மா. டப்பாவுல போட்டு மூடிட்டேன்."

அவள் கை அப்படியே நின்றது.

"எத்தினி?"

"நாலு."

"எவ்ளோ நேரம்?"

"அம்பத்தொம்போது மணி இருபது நிமிஷம்."

அவள் உட்காரவில்லை. என் லென்ஸை எடுத்தாள், வடிகட்டித் தாளை எடுத்தாள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நான் நோட்டை நீட்டினேன். வாங்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் படித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிர் வீட்டு விசைத்தறி ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு போச்சு" என்றாள்.

"ரெண்டுன்னு நெனச்சேன்."

"மூணாவதும் போச்சு மாமா. ஒடுக்கமான பட்டைங்க மொதல்ல போவும். மேல் பட்டை கருத்துட்டா கீழ இருக்கறது இருந்து என்னா பண்றது, சுத்து அறுந்துடுது." சாதாரணக் குரலில்தான் சொன்னாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மூணு விஷயம் சொன்னேன்ல?"

"நீ சொன்ன மூணையும் காப்பாத்தினேம்மா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"தெரியாத ஆளு பண்ணா எனக்குக் கோவமே வராது மாமா. முப்பத்தியோரு வருஷம் இதுக்குத்தானே சம்பளம் வாங்கினீங்க? ஊருக்கே நோட்டீஸ் ஒட்டினேன்னு கல்யாணத்தன்னிக்கி எங்கப்பாகிட்ட சொன்னீங்களே!"

அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பெங்களூரில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசினாள். ஏழு நிமிடம் பேசினாள். வெளியே வந்து, "நாளைக்கு வரைக்கும் வெச்சிகினு இருக்க முடியாது. பெட்டி பிளாஸ்டிக்குல ஏறின கந்தகம் உள்ளயே இருக்கும். மிச்ச மூணும் காலைக்குள்ள போயிடும். இன்னிக்கி ஏழு மணிக்குள்ள வந்தா ஒருத்தர் சோதனைக்கூடத்த தெறந்து விடறேன்னாரு. ரயிலு சரிவராது" என்றாள்.

கார் பேசினேன். அரை மணி நேரத்தில் வரும் என்றார்கள். வேறு பெட்டி வேண்டும். என்னிடம் என் மனைவியின் மூக்குத்தி வந்த கண்ணாடிச் சிமிழ் இருந்தது. அதைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, துடைத்து, அடுப்பனலில் காட்டிக் காய வைத்தாள். கண்ணாடித் துண்டை இடுக்கியால் மாற்றும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். நானும்தான்.

"வழியெல்லாம் வண்டிப் புகை. அதுலயும் கந்தகம் கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஜரிகைக்காரர்கள் நல்ல ஜரிகைக் கட்டு ஒன்றை உள்ளே வைத்து, சுற்றிலும் கழிவு ஜரிகையைத் திணிப்பார்கள். கறுப்பு முதலில் கழிவைத்தான் பிடிக்கும். உள்ளே இருப்பது தப்பும். சொன்னேன். அவள் ஒரு விநாடி யோசித்துவிட்டு, "எவ்ளோ கெடைக்கும்?" என்றாள்.

அந்த நெசவாளி வீடு இங்கிருந்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. அன்று எண்ணவில்லை, ஓடினேன். எழுபத்தியொரு வயதில் ஓடுவது ஓட்டமா என்று கேட்கலாம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தை நாலு வரியில் சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, அலமாரியிலிருந்து காலையில் நான் பார்த்த ரீல்களில் ஒன்றையும் ஒரு பிடி கழிவு ஜரிகையையும் எடுத்துவந்தார்.

"ரீல் புதுசாச்சேய்யா."

"கழிவு கம்மியா கீது சார். எடுத்துகினு போங்க. நின்னு பேசாதீங்க."

"பணம்…"

"அந்த நூத்தி எம்பதக் குடுங்க. போதும்." சிரிக்காமல்தான் சொன்னார். வாசல்வரை வந்து, "அன்னிக்கி ரப்பர் போட்டது நான்தான் சார். வூட்ல யாரும் இல்ல. சேலை அவுந்துக்குமோன்னு பயம்" என்றார்.

திரும்பி வந்தபோது கார் நின்றிருந்தது. அவள் டப்பாவை இரண்டு முறை கழுவி வைத்திருந்தாள். ரீலை அவிழ்த்து அடியிலும் ஓரத்திலும் ஜரிகையைத் திணித்து, நடுவில் சிமிழை வைத்து, மேலே கழிவைப் பரப்பி மூடினாள். மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்தேன்.

"நீங்க வரவேணாம் மாமா."

"துணைக்கு…"

"வேணாம்."

ஒன்று ஐம்பதுக்குக் கார் போனது. சாப்பாடு மூடினபடியே இருந்தது. அவளும் சாப்பிடவில்லை. வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. ஆறரை மணிக்கு மனைவி வந்து, குங்குமப் பொட்டலத்தை நீட்டி, "மருமக கெளம்பிட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொட்டலத்தில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதைப் பிரித்து ஜாடியில் போடாமல் வாசலுக்கு வெளியே எறிந்தேன்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வந்தது.

"மூணு கெடைச்சிது. சிவப்பு, ரோஜா, அரக்கு. சுத்தமா வந்திருக்கு. மத்த மூணுல வெள்ளி இருக்கு, காந்தம் இல்ல."

"மூணு போதுமாம்மா?"

"போதாது மாமா. அகலத்துக்கு ஏத்தபடி நெறம் நகருதுன்னு காட்டணும். பாதிக் கோட்ட வெச்சிகினு ஆய்வுக் குழுவுல ஒத்துக்க மாட்டாங்க. ஜரிகை மேல்பக்கம் லேசா கருத்திருந்துச்சு. அது இல்லன்னா இதுவும் வந்திருக்காது." வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதுபோலவே ஆனது. ஒத்துக்கொள்ளவில்லை. ஜூனில் முடியவேண்டியது தள்ளிப்போனது. உதவித்தொகை நின்றது. பழுதான இயந்திரம் செப்டம்பரில்தான் ஓடியது. கெடு தாண்டியவர்கள் மணிக்கணக்கில் பணம் கட்டித்தான் அதைப் பயன்படுத்த வேண்டுமாம். பதினொரு மணி நேரம் ஆகும் என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. மகன் சொன்ன அன்றே அனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பினாள். மறுபடி அனுப்பினேன். மூன்றாவது முறை அவளிடமே தங்கியது.

அக்டோபரில் வந்தாள். மறுநாள் பெங்களூர் போகவேண்டும். பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். எங்கள் வீட்டு டப்பாதான். உள்ளே கறுத்தும் கறுக்காமலும் ஜரிகை, நடுவில் மூக்குத்திச் சிமிழ், அதற்குள் புதிதாகச் செய்த கண்ணாடித் துண்டு. அதை மேஜைமேல், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

"நாலு விஷயம் மாமா" என்றாள்.

நான்காவதை அவள் சொல்வதற்குள் நான் சொன்னேன். ஜாடி மேஜையில் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனாள். லென்ஸை எடுத்து, மூடி வழியாக, தாளை நெடுக்கே பிடித்துப் பார்த்தேன். ஆறு. நோட்டில் எழுதினேன். அன்றிரவு பீரோவைப் பூட்டவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

நோட்டின் அதே பக்கத்தில், அடியில், மற்றக் கணக்கும் இருக்கிறது. கார் வாடகை சுங்கத்தோடு ஏழாயிரத்து நானூறு. இயந்திரத்துக்குப் பதினொரு மணி நேரம், மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. வெள்ளி பூச ஆறாயிரம். ரீலுக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றவரிடம் நான் போய்க் கையில் கொடுத்து, அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்ட நூற்றெண்பது. ஆக மொத்தம் நாற்பத்தோராயிரத்து எண்பது ரூபாய்.